நடுநிலை வகுப்புகளில் வாசிப்பும் சிறுகதை எழுதுதலும்

நடுநிலை வகுப்புகளில் வாசிப்பும் சிறுகதை எழுதுதலும் கற்பித்தல் என்பது, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளின் மொழிப்பாடத்தில் ஒன்றையொன்று சார்ந்த இரு திறன்களை வளர்க்கும் பணியாகும். பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் இவ்வகுப்புகளில் பயில்கின்றனர். தொடக்க வகுப்புகளில் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, இங்கு வந்ததும் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டியவராகிறார். அறிவியல், சமூக அறிவியல், கணக்கில் வரும் வாக்கியக் கணக்குகள் ஆகிய யாவும் மாணவருக்குப் படிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. அந்த நம்பிக்கை பொய்க்கும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பின் முதல் மாதத்திலேயே எல்லாப் பாடங்களும் ஒன்றாகக் கை நழுவுகின்றன. ஆகவே தமிழ் ஆசிரியரின் பணி தமிழ்ப் பாடத்தோடு முடிவதில்லை.

இக்கட்டுரை தமிழ்நாட்டுப் பள்ளிகளின் தமிழ் வகுப்பை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. வகுப்பில் நாற்பது பேர், பாடவேளைக்கு முக்கால் மணி நேரம் என்ற நிலையே இங்குக் கணக்கில் கொள்ளப்படுகிறது.

வாசிப்பின் இரு கூறுகள்

கஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1986-இல் வாசிப்பைப் பற்றி எளிய வாய்பாடு ஒன்றை முன்வைத்தனர். எழுத்தைச் சொல்லாக்கிப் படிக்கும் திறனையும், மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்புத் திறன் என்பது அதன் சாரம். இவ்விரண்டையும் அவர்கள் கூட்டாமல் பெருக்கினார்கள். எனவே ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியமே. இது ஆசிரியருக்கு மிகவும் பயன்படும் கருத்து. ஏனெனில் ஆறாம் வகுப்பில் "படிக்க வராத பிள்ளைகள்" என்று ஒரே பெயரில் அழைக்கப்படுவோருள் இரு வகையினர் உள்ளனர்.

முதல் வகையினர், கதையை வாயால் சொன்னால் கண்கொட்டாமல் கேட்பார்கள், கேள்வி கேட்டால் பளிச்சென்று பதில் சொல்வார்கள். புத்தகத்தைத் திறந்தால் திணறுவார்கள். இரண்டாம் வகையினர் பத்தி முழுவதையும் தடங்கலின்றிப் படிப்பார்கள். முடித்ததும் "என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டால் விழிப்பார்கள். முதல் வகையினருக்கு எழுத்தும் சொல்லும் பழகப் பயிற்சி வேண்டும். இரண்டாம் வகையினருக்குச் சொல்வளமும் உரையாடலும் வேண்டும். இருவருக்கும் ஒரே மருந்தாக "பாடத்தைப் பத்து முறை எழுதி வா" என்று சொல்வதால் இருவருக்குமே பயனில்லை.

தமிழ் எழுத்து முறைக்கென்று சில சிக்கல்கள் உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. இவற்றுள் பெரும்பாலானவை ஓர் ஒழுங்கில் அமைந்தவை என்றாலும், கு, சு, டு, நு, மு என்ற வரிசையைப் பார்த்தால் உகரத்தின் வடிவம் மெய்க்கு மெய் மாறுவது தெரியும். கெ, கே, கை ஆகியவற்றில் ஒலியில் பின்னால் வரும் உயிர், எழுத்தில் முன்னால் வருகிறது. கொ, கோ ஆகியவற்றில் இருபுறமும் வருகிறது. "கல்", "பகல்", "தங்கம்" மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. தெரிந்த சொல்லாக இருந்தால் பிள்ளை தானாகச் சரியாகப் படித்துவிடும், தெரியாத சொல் என்றால் தடுமாறும். ஆக, சொல்வளம் குறைவான பிள்ளைக்கு எழுத்து தெரிந்தும் படிக்க வராமல் போவதுண்டு.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தடை சொல்லின் நீளம். "படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்பது வாயால் சொல்லும்போது யாருக்கும் கடினமன்று. அச்சில் பார்க்கும்போது ஒரு ரயில் வண்டி போல நிற்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதி, பெட்டி பெட்டியாகக் கழற்றிக் காட்ட வேண்டும்: படித்து, கொண்டு, இருந்தவர்களுக்கு, எல்லாம். நாளொன்றுக்கு இப்படி மூன்று சொற்கள் போதும். பின்னால் புணர்ச்சி இலக்கணம் வரும்போது அது பாதி கற்ற பாடமாக இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

நிலையறிதல்

வகுப்பு முழுவதும் கூடி உரக்கப் படிக்கும் வழக்கம், படிக்கத் தெரியாத பிள்ளைக்கு மிக நல்ல மறைவிடம். முதல் எழுத்தைப் பக்கத்துப் பிள்ளையிடமிருந்து பிடித்துக்கொண்டு, வாயசைத்தே ஐந்து ஆண்டுகளைக் கடந்துவந்தவர்கள் உண்டு. எனவே ஜூன் மாதத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து இரண்டு நிமிடம் படிக்கச் சொல்லிக் கேட்பது இன்றியமையாதது. நாற்பது பேருக்கு எண்பது நிமிடம். மற்றவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் நான்கு நாள்களில் முடிந்துவிடும். 2005 முதல் பிரதம் அமைப்பு நடத்திவரும் அசர் கணக்கெடுப்பில் எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்ற படிகளில் பிள்ளைகள் படிக்கச் சொல்லப்படுகின்றனர். அதே படிகளை ஆசிரியர் தம் பாடநூல்களிலிருந்தே தயாரித்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையை மற்ற பிள்ளைகள் கேட்கும் தொலைவில் நடத்தக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாதது ஒரு குறை மட்டுமன்று. அது பல ஆண்டுகளாகக் காத்துவரும் ரகசியமும்கூட. அதை வகுப்பின் நடுவே உடைத்துவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலிருக்கும். அதேபோல், அந்த வயதுப் பிள்ளையின் கையில் முதல் வகுப்பின் அரிச்சுவடியைக் கொடுப்பதும் அவமானமே. மொழி எளிதாகவும் பொருள் வயதுக்கு ஏற்றதாகவும் உள்ள சிறு நூல்களே அவருக்குத் தேவை. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கத்திற்காக வெளியிட்ட சிறு நூல்கள் "நுழை, நட, ஓடு, பற" என்று படிநிலை வகுக்கப்பட்டிருப்பது இவ்வகையில் உதவியானது. ஒரு சொல்: அந்தப் பெயர்கள் புத்தகத்திற்குரியவை. "நீ ஒரு நுழை" என்று பிள்ளையைச் சுட்டும் நாளில் அவற்றின் பயன் போய்விடும்.

புரிந்து படித்தல்

சரளமாகப் படித்தும் பொருள் உணராத பிள்ளைகளுக்காகப் பாலின்சார், பிரவுன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984-இல் ஒரு முறையை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது ஏழாம் வகுப்பு மாணவர்களையே. ஒரு பகுதியைப் படித்து நிறுத்தி, அதைச் சுருக்கிச் சொல்வது, அதிலிருந்து ஒரு கேள்வி எழுப்புவது, புரியாத இடத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது என்பவை அதன் நான்கு செயல்கள். முதலில் ஆசிரியர் இவற்றைச் செய்து காட்டுவார், பிறகு மாணவர் ஒருவர் ஆசிரியரின் இடத்தில் அமர்ந்து குழுவை நடத்துவார்.

ஆறாம் வகுப்புத் தமிழ் நூலில் படக்கதையாக இடம்பெற்ற "கிழவனும் கடலும்" இதற்கு ஏற்றது. எர்னஸ்ட் ஹெமிங்வேயின் புகழ்பெற்ற நாவலின் சுருக்கம் அது. மீன் கிடைக்காமல் 84 நாள்கள் கழித்துவிட்ட முதியவர் மீண்டும் கடலுக்குப் புறப்படும் இடத்தில் நிறுத்த வேண்டும். "இன்றாவது கிடைக்குமா?" என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். கிடைக்கும் என்பவரிடம் காரணம் கேட்க வேண்டும். "கிடைக்கலேன்னா கதையே இல்லையே சார்" என்று ஒரு பிள்ளை சொல்லுமானால், அந்தப் பிள்ளை கதையின் கட்டமைப்பைப் பற்றி ஒரு பெரிய உண்மையைத் தானே கண்டுபிடித்துவிட்டது. அதை அடிக்கோடிட்டுக் காட்டுவது ஆசிரியரின் வேலை. பெரிய மீனைப் பிடித்த பிறகு மீண்டும் நிறுத்தி, "இப்போது கதை முடிந்துவிட்டதா?" என்று கேட்கலாம். சுறாக்கள் வந்து மீனைத் தின்றுவிட்ட பிறகு, "அவர் வென்றாரா, தோற்றாரா?" என்ற கேள்வியைப் பிள்ளைகளில் ஒருவரே எழுப்புவார். ஆசிரியர் அதற்கு இடம் கொடுத்தால் போதும். கடற்கரை ஊர்ப் பள்ளியாக இருந்தால், இந்த வகுப்பில் ஆசிரியருக்குத் தெரியாததைச் சொல்லித்தரும் பிள்ளைகள் நான்கு பேராவது இருப்பார்கள்.

இம்முறை பல இடங்களில் பயன் தராமல் போவதற்குக் காரணம், நான்கு செயல்களையும் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டு, குழுக்களைப் பிரித்துவிடுவதுதான். ஆசிரியர் தம் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்காட்டும் கட்டம் இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். "இந்த வரி எனக்குப் புரியவில்லை, மேலே போய்ப் பார்க்கிறேன்" என்று ஆசிரியரே சொல்லக் கேட்பது பல பிள்ளைகளுக்குப் புதுமை. நன்றாகப் படிப்பவர்களுக்கு எல்லாம் ஒரே பார்வையில் புரிந்துவிடும் என்றே அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஆசிரியர் வாசித்துக் காட்டுதல்

மேலே சொன்ன முறைகள் எதையும் செய்ய நேரமில்லை என்று சொல்லும் ஆசிரியருக்கு நான் ஒன்றே ஒன்றைப் பரிந்துரைப்பேன். நாள்தோறும் பத்து நிமிடம், பாடநூலில் இல்லாத ஒரு கதையை நல்ல குரலில் வாசித்துக் காட்டுங்கள். கேள்வி வேண்டாம், குறிப்பு எடுக்கச் சொல்ல வேண்டாம். படிக்கத் திணறும் பிள்ளைக்கும் நூல்நடையின் ஓசை காதில் ஏறும். அந்த ஓசை ஏறாமல் எழுத்து நடை கைக்கு வராது.

கு. அழகிரிசாமியின் "ராஜா வந்திருக்கிறார்" தீபாவளியை ஒட்டி ஓர் ஏழை வீட்டில் நடக்கும் கதை. பிள்ளைகள் ஒருவரோடொருவர் போட்டி போட்டுப் பெருமை பேசும் விளையாட்டோடு தொடங்குவதால், முதல் பக்கத்திலேயே வகுப்பு அதற்குள் போய்விடும். அவருக்கு 1970-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது அவர் மறைவுக்குப் பின் கிடைத்தது. விருது பெற்ற தொகுப்பின் தலைப்புக் கதையான "அன்பளிப்பு", அன்பளிப்புக்கு ஏங்கும் ஒரு சிறுவனைப் பற்றியது. எட்டாம் வகுப்புக்கு அது பொருந்தும். அவருடைய இடைசெவல் ஊர்க்காரரான கி. ராஜநாராயணனின் "கதவு" இன்னொன்று. வீட்டுக் கதவைப் பேருந்தாக்கி விளையாடும் பிள்ளைகளிடமிருந்து, தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவு பெயர்த்து எடுத்துச் செல்லப்படுகிறது. வாசித்து முடித்த மறுநாள் ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம்: "அந்தக் கதவு யார் யாருக்கு என்னவாக இருந்தது?" பிள்ளைகளுக்குப் பேருந்து, தாய்க்குக் குளிரைத் தடுக்கும் காப்பு, தலையாரிக்குப் பாக்கித் தொகை. ஒரே பொருள் மூன்று பேருக்கு மூன்றாக இருப்பதைக் கண்டுகொண்ட பிள்ளை, எழுதத் தயாராகிவிட்டது என்று கொள்ளலாம்.

இன்றைய சிறார் நூல்களும் வேண்டும். 2023-இல் சாகித்திய அக்காதெமியின் பால சாகித்திய விருது பெற்ற உதயசங்கரின் "ஆதனின் பொம்மை", கீழடியைக் களமாகக் கொண்ட சிறார் நாவல். தொடராக வாசிக்க உகந்தது.

பள்ளி நூலகத்தைப் பற்றி ஒரு குறிப்பு. பல பள்ளிகளில் நல்ல புத்தகங்கள் பீரோவுக்குள் புதிதாகவே இருக்கின்றன. தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற அச்சமே பூட்டு. அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் கிழிந்து, அட்டை போய், பக்கம் மடிந்து திரும்பி வரும் புத்தகம்தான் வேலை செய்த புத்தகம். வகுப்பின் ஓரத்தில் ஒரு கயிறு கட்டி இருபது சிறு நூல்களைத் தொங்கவிட்டு, பெயரெழுதும் பொறுப்பை இரு மாணவர்களிடம் கொடுத்தால், தொலைவது நாம் அஞ்சுவதைவிட மிகவும் குறைவு.

தேர்வுக் கதையும் சிறுகதையும்

தமிழ்த் தேர்வில் கதை எழுதும் வினா நெடுங்காலமாக உண்டு. குறிப்புகள் தரப்படும், அவற்றை விரித்துத் தலைப்பும் நீதியும் எழுத வேண்டும். இதில் ஒரு பயன் உண்டு. தொடர்ச்சியாகச் சொல்லவும் பத்தி பிரிக்கவும் அது பழக்குகிறது. ஆனால் இதை மட்டுமே கதையென்று பழகிய பிள்ளையிடம் "நீயே ஒரு கதை எழுது" என்றால், நாற்பது தாளிலும் ஒரு காடு, ஒரு விறகுவெட்டி, ஒரு ராஜா, கடைசியில் ஒரு நீதி வந்து நிற்கும். எழுதிய பிள்ளை காட்டையும் கண்டதில்லை, ராஜாவையும் கண்டதில்லை. கதை என்பது வேறெங்கோ, வேறு யாருக்கோ நடப்பது என்று அது முடிவு செய்துவிட்டது. இந்த முடிவை மாற்றுவதே சிறுகதை கற்பித்தலின் முதல் வேலை.

நாட்டுப்புறக் கதைக்கும் சிறுகதைக்கும் உள்ள வேறுபாட்டை வரையறையாகச் சொல்லத் தேவையில்லை. சிறுகதையில் சிலரே வருவர், நேரம் சிறிது, நிகழ்ச்சி ஒன்று, முடிவில் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று முன்பு போல் இல்லாமல் ஆகியிருக்கும். இவ்வளவே போதும். தமிழின் தொடக்ககாலச் சிறுகதைகளுள் முதன்மையாகப் பேசப்படும் வ.வே.சு. ஐயரின் "குளத்தங்கரை அரசமரம்" 1915-இல் வெளிவந்தது. அதில் கதையைச் சொல்வது மரம். கதையின் சோகம் இவ்வயதினருக்குச் சற்று முதிர்ந்தது என்றாலும், "மரம் சொல்கிறது" என்ற உத்தியை மட்டும் எடுத்துச் சொன்னால் போதும். வகுப்புக் கரும்பலகை, பேருந்து நிறுத்தம், ரேஷன் கடைத் தராசு என்று கதை சொல்வோர் பட்டியல் அன்றைக்கே நீண்டுவிடும்.

எழுதும் முறை

எழுதுவதற்கு முன் சொல்ல வேண்டும். தலைப்பு கொடுத்து "எழுது" என்பதைவிட, எல்லாரிடமும் விடை இருக்கும் ஒரு கேள்வியைப் போடுவது நல்லது. "இந்த வாரம் உங்கள் வீட்டில் யாராவது எதையாவது தேடினார்களா?" என்பது நல்ல பலன் தரும் கேள்வி. சாவி, கம்மல் திருகு, ரேஷன் அட்டை, வீட்டுக்கு வராத கோழி என்று ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்ல வேண்டும். கேட்பவர் இரண்டு கேள்வியாவது கேட்க வேண்டும். பிறகு நான்கு வரியில் குறிப்பு: யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கடைசியில் என்ன மாறியது. அதன்பின் முதல் வரைவு. அது பழைய நோட்டின் பின்பக்கத்தில் இருக்கட்டும். எழுத்துப்பிழையைப் பற்றி அந்த நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

எப்படி ஒரு வரைவு மாறுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. விளக்கத்திற்காக இங்கு எழுதப்பட்டதுதான், ஆனால் எந்த வகுப்பிலும் காணக்கூடியது.

"நாங்கள் ஒரு ஆடு வளர்த்தோம். அதன் பெயர் கருப்பி. எனக்கு அதை மிகவும் பிடிக்கும். ஒருநாள் அதை விற்றுவிட்டார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. எனவே நாம் விலங்குகளிடம் அன்பு காட்ட வேண்டும்."

பிழையே இல்லாத வரைவு. பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டுத் திருப்பித் தந்துவிடலாம். அதற்குப் பதில் ஆசிரியர் மதிப்பெண் போடாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு சில கேள்விகள் கேட்கிறார். யார் வந்து வாங்கினார்? அப்போது நீ எங்கே நின்றாய்? கயிற்றை அவிழ்த்தது யார்? அந்தப் பணம் என்ன ஆயிற்று? பிள்ளை பதில் சொல்கிறது. "இப்போது சொன்னாயே, அதை எழுதிவிடு" என்கிறார். இரண்டாம் வரைவு இப்படி வருகிறது:

"சந்தை வியாபாரி வண்டியில் வந்தார். கருப்பி அவரைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டது. அப்பா, 'நீயே புடிச்சுக் குடுடா, உன்கிட்டதான் வரும்' என்றார். நான் தழையைக் காட்டினேன். எப்போதும் போலத் தின்ன வந்தது. வியாபாரி கழுத்தைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் அக்காவுக்குப் பரீட்சைப் பணம் கட்டினார்கள். கயிறு மட்டும் புளியமரத்திலேயே கிடக்கிறது."

வருத்தம் என்ற சொல் போய்விட்டது, வருத்தம் வந்துவிட்டது. நீதி வாக்கியத்தை எடுத்துவிடு என்று யாரும் சொல்லவில்லை. இதன்பின் அதை எழுத அந்தப் பிள்ளைக்கே தோன்றவில்லை. "உணர்ச்சிச் சொற்களை எழுதாதே" என்று இதை ஒரு விதியாக்கிக் கரும்பலகையில் எழுதினால், அடுத்த வாரம் நாற்பது தாளிலும் கயிறு கிடக்கும். கேள்வி கேட்பதைத்தான் ஆசிரியர் தொடர வேண்டும்.

அமெரிக்க ஆசிரியை நான்சி அட்வெல் நடுநிலை மாணவர்களுக்கென எழுதி 1987-இல் வெளியிட்ட நூல், மாணவரே பொருளைத் தேர்ந்தெடுத்து, தம் வேகத்தில் எழுதி, வகுப்பையே ஒரு பட்டறையாக நடத்தும் முறையைப் பரப்பியது. அதை அப்படியே நம் வகுப்புக்குக் கொண்டுவர இயலாது. ஆனால் அவருடைய ஒரு வழக்கம் இங்கும் பலிக்கும். எழுதும் பாடவேளையின் தொடக்கத்தில் வருகைப் பதிவு போல ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, "இன்று என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பது. "முதல் வரைவு", "முடிவு மாத்துறேன்", "இன்னும் கதை கிடைக்கலை" என்று ஒரு சொல்லில் பதில் வரும். ஐந்து நிமிடத்தில் யாரிடம் போய் உட்கார வேண்டும் என்பது தெரிந்துவிடும். கைப்பேசியிடம் கேட்டு எழுதிவரும் கதைகளுக்கும் இதுவே தடுப்பு. வகுப்பில் வாயால் சொல்லி, குறிப்பெழுதி, கண்முன் வளர்ந்த கதையை யாரும் வெளியிலிருந்து கொண்டுவர முடியாது.

பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும்

மேலே உள்ள வரைவில் "புடிச்சுக் குடுடா" என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, "பிடித்துக் கொடு" என்று திருத்துவோர் உண்டு. அவர் திருத்தியது சொல்லை என்று நினைக்கிறார். பிள்ளைக்கோ அப்பாவின் பேச்சே தவறு என்று சொன்னது போலிருக்கும். அடுத்த கதையில் அப்பா வரமாட்டார், ராஜா வருவார். வீட்டுப் பேச்சுக்கும் நூல்நடைக்கும் இடையே இவ்வளவு தொலைவுள்ள மொழியில் இது சிறிய செய்தியன்று.

வகுப்புக்கு ஓர் எளிய உடன்பாடு போதும். மேற்கோள் குறிக்குள் இருப்பது வாய்ப்பேச்சு, அது பேசியபடியே இருக்கலாம். வெளியில் இருப்பது நூல்நடை. பெரிய எழுத்தாளர்கள் இந்த எல்லையைத் தாண்டியிருக்கிறார்கள். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே தொகுத்த கி.ரா. கதை சொல்லும் நடையிலும் அப்பேச்சைக் கொண்டுவந்தார். அது பின்னால் பார்த்துக்கொள்ள வேண்டியது. தேர்வுத்தாளில் மட்டும் நூல்நடையிலேயே எழுது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்ளப் பிள்ளைகளுக்குத் தெரியும். வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம், உருது, படுகு பேசும் பிள்ளைகளும், வேலைக்காக வடமாநிலங்களிலிருந்து வந்தோரின் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பர். அவர்கள் கதையில் பாட்டி ஒரு வரி தம் மொழியில் பேசினால், அதைத் தமிழ் எழுத்தில் எழுதட்டும். பொருள் முன்பின் வரிகளிலிருந்து புரியும்படி எழுதுவதே ஒரு நல்ல பயிற்சி.

திருத்துதலும் வெளியிடுதலும்

நாற்பது கதைகளில் எல்லாப் பிழைகளையும் திருத்த எந்த ஆசிரியராலும் ஆகாது. திருத்தினாலும் சிவந்த தாளைப் பிள்ளை பார்ப்பதில்லை. பொருளைச் செப்பனிடுவதையும் பிழை நீக்குவதையும் வெவ்வேறு நாளில் வைக்க வேண்டும். பிழை நீக்கும் நாளில் ஒரு கதைக்கு இரண்டு வகைப் பிழை மட்டும். ஒருமுறை ரகர றகரம், இன்னொரு முறை ல, ள, ழ. வல்லினம் மிகும் இடங்களை ஏழாம் வகுப்பில் பொறுமையாகத் தொடங்கலாம்.

சக மாணவர் கதையைக் கேட்டு இரண்டு செய்தி மட்டும் சொல்லலாம்: எந்த இடம் கண்முன் தெரிந்தது, எந்த இடத்தில் குழம்பியது. கையெழுத்தைப் பற்றியோ பிழையைப் பற்றியோ பேசுவது அவர் வேலையில்லை. முடித்த கதைகளுக்கு வாசகர் வேண்டும். தமிழில் கையெழுத்து இதழ் நடத்துவது பழைய மரபு. முப்பது பக்கம், ஓர் அட்டைப்படம், ஊசிநூல் தையல், ஒரே படி. அது வீடு வீடாகச் சுற்றிவரும். பள்ளிக் கல்வித்துறையின் "தேன்சிட்டு" இதழ் நடுநிலை வகுப்பினரை முன்னிட்டே வருகிறது, அதற்கும் அனுப்பலாம்.

கதைக்குள் வரும் உண்மை

பிள்ளைகள் தம் வாழ்விலிருந்து எழுதத் தொடங்கினால், ஆசிரியர் எதிர்பாராத தாள் ஒன்று எப்போதேனும் கையில் வரும். குடித்துவிட்டு அடிக்கும் தந்தை, இரவுச் சாப்பாடு இல்லாத வீடு, அக்காவுக்குப் பதினைந்து வயதில் நிச்சயமான திருமணம், தனியே இருக்கும்போது வரும் உறவினர். பயிற்சிக் கல்லூரியில் இதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தத் தாளில் பிழை திருத்தக் கூடாது. வகுப்பில் வாசிக்கச் சொல்லவும் கூடாது. பிள்ளையைத் தனியாக, ஆனால் பிறர் பார்வையில் இருக்கும் இடத்தில் வைத்து, "இது கதையா, நடந்ததா?" என்று மெதுவாகக் கேட்க வேண்டும். "நான்" என்று எழுதியதெல்லாம் தன் கதையாக இருக்க வேண்டியதில்லை. கற்பனை செய்யத்தானே கற்றுக்கொடுத்தோம். நடந்தது என்று சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, ஏனெனில் அதைக் காப்பாற்ற முடியாது. உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்பதே உண்மையான வாக்கு. பாலியல் குற்றம் என்ற ஐயம் இருந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பள்ளி மாணவர்களுக்கென 14417 என்ற எண்ணும் தமிழ்நாட்டில் உண்டு. இரண்டையும் வகுப்புச் சுவரில் எழுதிவைப்பது, தாளில் எழுதத் துணியாத பிள்ளைக்கும் உதவும். "உன் வாழ்வின் மிகச் சோகமான நிகழ்ச்சி" என்று தலைப்பு கொடுத்துத் தோண்டுவது மட்டும் வேண்டாம். எதைச் சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

இத்தகைய கதைகளின் முடிவில் "அன்றோடு அப்பா குடிப்பதை நிறுத்திவிட்டார்" என்று எழுதியிருக்கும். நம்பும்படி இல்லை என்று சொல்லி அந்த வரியை மாற்றச் சொல்லும் ஆசிரியர், கதைக்கலை அறிந்தவராக இருக்கலாம். அந்த இடத்தில் அது கதையின் முடிவன்று, பிள்ளையின் விருப்பம். அதைத் தொடாமல் விடுவதே முறை. நோட்டுகளை ஆசிரியர் அறை மேசையில் திறந்தபடி அடுக்கிவைக்காமல், வீட்டிலிருந்து யாரேனும் மதிப்பெண் கேட்டு வரும்போது கதை நோட்டை எடுத்து நீட்டாமல் இருப்பதும் அதே முறையைச் சேர்ந்தது.